போன பணம், வராத பணம்

தரங்கம்பாடியில் பஸ் ஏறி நாகப்பட்டினத்துக்குக் கடலோரமாகப் போகிறவர், தமிழ்நாட்டை விட்டு வெளியேறி மறுபடி தமிழ்நாட்டுக்குள் நுழைகிறார். பொறையாறு தாண்டினால் காரைக்கால்; வாஞ்சூரில் அது முடிந்து நாகூர் வந்துவிடும். 1954 வரை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்து, இன்று புதுச்சேரி ஆட்சிப்பகுதியில் சேர்ந்திருக்கும் இந்தத் துண்டு நிலத்தில் பெட்ரோலுக்கு வரி குறைவு. அதனால் சுற்றுவட்டாரத்து வண்டிகள் பலவும் இங்கே வந்துதான் டேங்கை நிரப்பிக்கொள்ளும்.

அப்படி நிரப்ப வந்த பொறையாற்றுக்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். பங்க்கில் க்யூஆர் அட்டையைப் போனில் படமெடுத்து, ரகசிய எண்ணை அழுத்தி, 500 ரூபாய் அனுப்புகிறார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 500 ரூபாய் கழிந்ததாக எஸ்.எம்.எஸ். வந்துவிட்டது. பங்க்கின் ஸ்பீக்கர் பெட்டியோ வாயே திறக்கவில்லை. "எனக்குப் போயிடுச்சே" என்கிறார் இவர். "எங்களுக்கு ஏறலைங்களே" என்கிறார் பங்க் பையன். இருவரும் பொய் சொல்லவில்லை. பின்னால் நிற்கிற வண்டிகள் ஹாரன் அடிக்கின்றன.

இந்தப் பணம் தொலையவில்லை. தோற்கவும் இல்லை. போனதா வந்ததா என்று இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாத நிலையில் இருக்கிறது, அவ்வளவுதான். வெற்றி, தோல்வி என்ற இரண்டு மட்டும் இருந்தால் கணினிக்காரர்களின் பிழைப்பு சுலபமாக ஓடும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: தெரியாமை. பல இடத்துச் சர்வர்கள் சேர்ந்து ஒரே பரிவர்த்தனையை முடிக்க வேண்டும் என்றால், உழைப்பில் பெரும்பங்கு இந்தத் தெரியாமையைச் சமாளிக்கவே போகிறது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் அதற்காகக் கண்டுபிடித்த கருவிகளில் மிக உபயோகமானது எது என்று கேட்டால், செய்தி வரிசை என்றுதான் சொல்வேன்.

பொறையாற்றுக்காரரின் கணக்கு ஒரு வங்கியில், பங்க்கின் கணக்கு வேறொரு வங்கியில். போனில் இருக்கும் செயலி மூன்றாவது நிறுவனத்தினுடையது. நடுவில் நின்று இவர்களை இணைப்பது என்.பி.சி.ஐ. என்கிற தேசியக் கழகத்தின் யூபிஐ மையம். கிளை பொறையாற்றில் இருந்தாலும் கணக்கு இருப்பது எங்கோ பெருநகரத்துச் சர்வரில். ஆக, ஐந்து கிலோமீட்டர் கூடப் பயணம் செய்யாத பணத்துக்காக நாலு நிறுவனங்களின் கணினிகள் ஒத்துப்போக வேண்டும். இங்கே 500 குறைந்தால் அங்கே 500 ஏற வேண்டும். ஏறாவிட்டால் குறையவும் கூடாது.

இரண்டு கணக்கும் ஒரே கணினியில் இருந்தால் இது தீர்ந்துபோன பிரச்சினை. கணக்கைத் திருத்துவதற்கு முன் 'இதைச் செய்யப் போகிறேன்' என்று ஒரு பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். பாதியில் கரண்ட் போனால், மறுபடி எழுந்ததும் கணினி பதிவேட்டைப் படித்து, முடிந்ததை உறுதிசெய்து, அரைகுறையாக நின்றதை அழித்துவிடும். இதைப் பிசிறில்லாமல் செய்யும் முறையை வகுத்தவர்களில் முதல் பெயர் நம்மூர்க்காரருடையது. தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் 1977-இல் கெமிக்கல் என்ஜினியரிங் முடித்து, அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த சி. மோகன். 'ஏரீஸ்' என்ற பெயரில் அவரும் சகாக்களும் 1992-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் வழியைத்தான் உலகின் பெரிய தரவுத்தளங்கள் பலவும் பின்பற்றுகின்றன. பொது வாசகர்களிடையே அவர் பெயர் அதிகம் புழங்காதது வருத்தம்தான்.

கணினிகள் இரண்டு ஆனதும் சிக்கல் தொடங்குகிறது. 1970-களில் இதற்கு வந்த விடை இரு கட்ட ஒப்புதல். ஜிம் கிரே 1978-இல் எழுதிய குறிப்புகள் வழியாக அது பரவலாயிற்று. நடுவில் ஒரு கணினி ஒருங்கிணைப்பாளராக நிற்கும். முதல் கட்டத்தில் எல்லாரையும் 'தயாரா?' என்று கேட்கும். தயார் என்று சொன்னவர் சம்பந்தப்பட்ட கணக்கைப் பூட்டி வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். எல்லாரும் தயார் என்றால் இரண்டாம் கட்டத்தில் 'முடியுங்கள்' என்ற உத்தரவு வரும். ஒருவர் மறுத்தாலும் 'விட்டுவிடுங்கள்'.

பார்க்க அழகான ஏற்பாடு. எல்லாரும் தயார் என்று சொன்ன பிறகு, உத்தரவு போடுவதற்குள் ஒருங்கிணைப்பாளர் படுத்துவிட்டால்? தயார் என்றவர்கள் பின்வாங்கவும் முடியாது, முன்னேறவும் முடியாது. பூட்டு அப்படியே கிடக்கும். பூட்டிய கணக்கை வேறு யாரும் தொட முடியாது. மோகனின் குழு 1980-களில் இதிலும் கைவைத்தது. பதிவேட்டில் தகவல் இல்லை என்றால் கைவிடப்பட்டதாகவே எடுத்துக்கொள் என்ற விதியை வைத்து, போக வேண்டிய செய்திகளையும் எழுத வேண்டிய பதிவுகளையும் குறைத்தார்கள். ஆனாலும் காத்திருப்பு என்ற அடிப்படை நோய் தீரவில்லை. ஒரே நிறுவனத்துக்குள் நாலைந்து சர்வர்கள் என்றால் தாங்கும். ஒன்றையொன்று நம்பாத நூற்றுக்கணக்கான வங்கிகளிடம் 'அவன் எழுந்திருக்கும்வரை உன் வாடிக்கையாளரின் கணக்கைப் பூட்டி வை' என்று யார் சொல்ல முடியும்?

இதற்கும் ஆழத்தில் ஒரு தடை இருக்கிறது. 1975-இல் அக்கொயுன்லு, ஏகநாதம், ஹூபர் என்ற மூவர் ஒரு புதிரை எழுதினார்கள்; பிறகு ஜிம் கிரே அதற்கு இரு தளபதிகள் புதிர் என்று பெயர் வைத்தார். இரண்டு மலைமேல் இரண்டு படைகள், நடுப் பள்ளத்தாக்கில் எதிரி. ஒரே நேரத்தில் தாக்கினால்தான் ஜெயிக்கலாம். விடியற்காலை தாக்குவோம் என்று ஒருவர் தூதனை அனுப்புகிறார். தூதன் வழியில் பிடிபடலாம் என்பதால், பதில் வராமல் இவர் கிளம்ப மாட்டார். மற்றவர் பதில் அனுப்புகிறார். அது போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் அவரும் கிளம்ப மாட்டார். பதிலுக்குப் பதில், அதற்கொரு பதில் என்று எத்தனை தூதரை அனுப்பினாலும் கடைசித் தூதன் சேர்ந்தானா என்பது அனுப்பியவருக்குத் தெரியாது. செய்தி தொலையக்கூடிய பாதையில் இருவர் முழு உறுதியுடன் ஒத்துப்போவது நடக்காத காரியம். திறமைக் குறைவு காரணமில்லை, கணக்கே அப்படி.

ஆகவே நடைமுறைக்காரர்கள் கேள்வியை மாற்றிக்கொண்டார்கள். ஒரே நொடியில் எல்லாரும் ஒத்துப்போக வேண்டாம். சொன்ன செய்தி தொலையாமல் எங்காவது பத்திரமாக இருக்கட்டும், உரியவர் எழுந்ததும் எடுத்துச் செய்யட்டும், செய்ததற்கு ஒப்புகை வரட்டும். தபால் இலாகா 1880-இல் தொடங்கிய மணியார்டர் இந்தத் தர்க்கத்தில்தான் ஓடியது. தபால்காரர் கொடுத்தது ஒரு படிவம், அதன் ஓரத்தில் ஒரு ஒப்புகைச் சீட்டு. வாங்கியவரின் கையெழுத்தோடு அந்தச் சீட்டு அனுப்பியவருக்குத் திரும்பி வரும்வரை விவகாரம் முடிந்ததாகக் கணக்கில்லை. வீட்டில் ஆள் இல்லையென்றால் அடுத்த நாள் மறுபடி வருவார். அப்போதும் இல்லையென்றால் பணம் திரும்பிப் போகும். நடுவில் யாரும் யாருக்காகவும் கதவைப் பூட்டிக்கொண்டு நிற்கவில்லை.

கணினிகளுக்கான செய்தி வரிசை இதைத்தான் செய்கிறது. ஐ.பி.எம். 1993-இல் 'எம்.க்யூ. சீரீஸ்' என்ற மென்பொருளாக இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. வங்கிகள் ஆவலாக வாங்கிக்கொண்டன. இந்தியாவில் 2001-இல், ஹைதராபாத்தில் உள்ள வங்கித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் வங்கிகளுக்குள் செய்தி அனுப்ப எஸ்.எஃப்.எம்.எஸ். என்ற அமைப்பைக் கொண்டுவந்தபோது, அதன் அடித்தளத்திலும் இந்த வகை வரிசைதான் இருந்தது. உங்கள் காசோலையில் அச்சாகியிருக்கும் 11 இலக்க ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு இந்த அமைப்பில் ஒரு கிளையின் முகவரி. முதல் நாலு எழுத்து வங்கி, ஐந்தாவது பூஜ்யம், மிச்சம் ஆறும் கிளை. நெஃப்ட் பணம் இந்த வழியாகத்தான் செய்தியாகப் போய், அரை மணிக்கு ஒரு தொகுப்பாகக் கணக்குத் தீர்க்கப்படுகிறது. வாங்கும் வங்கியின் சர்வர் அந்த நிமிஷம் படுத்திருந்தாலும் பாதகமில்லை. செய்தி வரிசையில் காத்திருக்கும்.

பெரிய வங்கிக்கு ஒரு சர்வர் போதாது. பத்து, நூறு என்று வைத்திருப்பார்கள். இந்தச் சர்வருக்கு இந்த வேலை என்று முன்கூட்டியே பங்கிட்டால் ஒன்று திணறும், பக்கத்தில் இன்னொன்று சும்மா கிடக்கும். அதனால் எல்லாருக்கும் பொதுவாக ஒரே வரிசை. கை ஒழிந்த சர்வர் வரிசையின் தலையிலிருந்து ஒரு செய்தியை எடுத்துக்கொள்ளும். கூட்டம் அதிகமானால் வரிசை நீளும், சர்வர் விழாது. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சியன்று லட்சக்கணக்கில் கூடுபவர்கள் ஒரே நேரத்தில் அர்ச்சனைத் தட்டுக்கும் எள் தீபத்துக்கும் போனை நீட்டினால், அந்த வெள்ளத்தைத் தாங்கி நிறுத்துவதும் இப்படிப்பட்ட ஏற்பாடுதான்.

செய்தியை எடுத்த சர்வர் அதை வரிசையிலிருந்து கிழித்தெறிவதில்லை. எடுத்ததும் அது மற்றவர் கண்ணுக்கு மறைகிறது, அவ்வளவுதான். வேலை முடித்து 'ஆயிற்று' என்று சொன்ன பிறகே அழியும். குறித்த நேரத்துக்குள் சொல்லவில்லை என்றால், எடுத்தவர் செத்துவிட்டார் என்று கொண்டு, செய்தி மறுபடி வரிசையில் தலைகாட்டும். வேறொரு சர்வர் எடுக்கும். வேலை ஒருபோதும் தொலையாது. இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு.

ஒரு சர்வர் செய்தியை எடுத்து, பங்க்கின் கணக்கில் 500 ரூபாயை ஏற்றிவிட்டு, 'ஆயிற்று' என்று சொல்லும் முன் விழுந்துவிட்டது. வரிசைக்கு இது தெரியாது. செய்தியை அடுத்த சர்வருக்குக் கொடுக்கிறது. அதுவும் 500 ஏற்றுகிறது. பங்க்குக்கு யோகம், வங்கிக்கு நஷ்டம். ஒரு முறையாவது நிச்சயம் கிடைக்கும் என்று உறுதி சொல்லும் எந்த வரிசையும், சில சமயம் இரண்டு முறை கிடைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. ஒரே ஒரு முறை, கூடவும் இல்லை குறையவும் இல்லை என்பதை வரிசை தனியாகக் கொடுக்க முடியாது. தளபதிகள் புதிரின் நிழல் இங்கேயும் விழுகிறது.

தீர்வு வாங்குகிறவர் கையில் இருக்கிறது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் மாறாத ஓர் எண். பணத்தை ஏற்றும் முன், இந்த எண்ணை ஏற்கெனவே முடித்திருக்கிறேனா என்று சர்வர் தன் பதிவேட்டில் பார்க்க வேண்டும். முடித்திருந்தால், ஏற்றாமல், பழைய பதிலையே திருப்பிச் சொல்ல வேண்டும். பணத்தை ஏற்றுவதும் எண்ணைக் குறிப்பதும் ஒரே தரவுத்தளத்தில், ஒரே மூச்சில் நடக்க வேண்டும். அது ஒரே கணினிக்குள் நடக்கிற வேலை என்பதால் ஏரீஸ் போன்ற பழைய முறைகளே பார்த்துக்கொள்ளும். இவ்வளவு பெரிய பிரச்சினை கடைசியில் ஒரு பதிவு எண்ணில் வந்து அடங்குவது எனக்கு எப்போதும் ரசிக்கத்தக்கதாகவே படுகிறது. யூபிஐ ரசீதில் நீங்கள் பார்க்கும் 12 இலக்க எண் அந்த இனத்தைச் சேர்ந்தது. பெரும்பாலும் அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண்ணாகவும், அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதாகவும் இருக்கும். உங்கள் போனிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

பொது வரிசையில் இன்னொரு தொல்லை, முன்பின். ஒருவர் கணக்கில் 1000 ரூபாய் போட்டுவிட்டு உடனே 800 எடுக்கிறார். முதல் செய்தியை மெதுவான சர்வரும் இரண்டாவதை வேகமான சர்வரும் எடுத்தால், பணம் வருவதற்குள் எடுக்கப் பார்த்து 'இருப்பு இல்லை' என்று வந்துவிடும். எனவே பெரிய வரிசையைப் பல ஓடைகளாகப் பிரித்து, ஒரே கணக்கின் செய்திகள் எப்போதும் ஒரே ஓடையில் போகும்படி வைப்பார்கள். 2011-இல் லிங்க்ட்இன் நிறுவனம் பொதுவில் விட்ட காஃப்கா மென்பொருள் இந்த முறையால்தான் பேர் வாங்கியது. அதை உருவாக்கிய மூவரில் ஒருவரான நேஹா நர்கேடே புனேயில் படித்தவர். இன்னும் சில நுணுக்கங்கள் உண்டு. எந்தச் சர்வர் எடுத்தாலும் விழவைக்கிற கெட்டுப்போன செய்தியைத் தனியாக ஒதுக்கி வைப்பது அவற்றில் ஒன்று. அதற்குள் போனால் கட்டுரை முடியாது.

பங்க்குக்குத் திரும்புவோம். யூபிஐ 2016 ஏப்ரல் 11 அன்று மும்பையில் ரகுராம் ராஜன் கையால் அறிமுகமானபோதே, அதன் பேச்சு முறை தபால் போலத்தான் வகுக்கப்பட்டிருந்தது. ஒரு கோரிக்கை வந்ததும் பெற்றுக்கொண்டேன் என்று மட்டும் உடனே பதில் போகும். செய்து முடித்தேனா இல்லையா என்பது பிறகு தனிச் செய்தியாக வரும். மையம் முதலில் அனுப்புகிறவரின் வங்கியிடம் கழிக்கச் சொல்கிறது. கழித்தேன் என்று வந்த பிறகு, வாங்குகிறவரின் வங்கியிடம் ஏற்றச் சொல்கிறது. இரண்டு வங்கியும் ஒன்றுக்காக ஒன்று பூட்டுப் போட்டுக் காத்திருப்பதில்லை. இரு கட்ட ஒப்புதல் இங்கே இல்லை.

பதில் வராவிட்டால்? எந்த இடத்தில் வரவில்லை என்பதைப் பொறுத்தது. கழிக்கச் சொன்னதற்குப் பதில் இல்லை என்றால், மையம் பரிவர்த்தனையைக் கைவிட்டு, ஒருவேளை கழித்திருந்தால் திருப்பிப் போடு என்று அந்த வங்கிக்கு எழுதும். ஏற்றச் சொன்னதற்குப் பதில் இல்லை என்றால் நிலைமை வேறு. பங்க்கின் கணக்கில் பணம் ஏறியிருக்கலாம். ஏறியதைச் சொல்லும் செய்தி மட்டும் தொலைந்திருக்கலாம். அவசரப்பட்டு பொறையாற்றுக்காரருக்குத் திருப்பிக் கொடுத்தால் ஒரே பணம் இரண்டு பேரிடம் இருக்கும். ஆகையால் விதி இதை ஏற்கப்பட்டதாகக் கருதி நிறுத்தி வைக்கிறது. பிறகு வாங்கும் வங்கி தன் பதிவேட்டைப் புரட்டி, ஏறிவிட்டது என்று உறுதி கொடுக்க வேண்டும். இல்லையேல் பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். உங்கள் திரையில் சுற்றும் வட்டத்துக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்த நிறுத்திவைப்புதான். வாடிக்கையாளருக்கு எரிச்சலூட்டும். ஆனால் இந்த இடத்தில் 'தோல்வி' என்று சட்டென்று காட்டுகிற அமைப்பைத்தான் நான் நம்ப மாட்டேன்.

நடந்ததை அழிக்க முடியாவிட்டால், அதற்கு எதிரான இன்னொரு பரிவர்த்தனையால் ஈடுகட்டு என்பது இதன் தத்துவம். 1987-இல் ஹெக்டர் கார்சியா மோலினாவும் கென்னத் சேலமும் 'சாகா' என்ற பெயரில் இதை எழுதினார்கள். அதனால்தான் உங்கள் பாஸ்புக்கில் தவறிப்போன பரிவர்த்தனை ஒரு வரியாக இல்லாமல் இரண்டு வரியாக இருக்கிறது: கழிந்தது ஒன்று, திரும்பியது ஒன்று. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் இதற்குக் கெடுவும் வைத்தது. ஆளுக்கு ஆள் அனுப்பிய பணம் ஏறாவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியது என்றால் ஐந்து நாள். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. புகார் வரும்வரை காத்திராமல் வங்கி தானாகவே அதைக் கணக்கில் போட வேண்டும் என்பது விதி.

ஸ்பீக்கர் பெட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடைகளில் தமிழில் தொகையைச் சொல்லும் இந்தப் பெட்டிகளில் பலவும் எம்.க்யூ.டி.டி. என்ற செய்தி முறையில் இயங்குபவை. 1999-இல் ஐ.பி.எம்.மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட் கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் பாலைவனத்து எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க உண்டாக்கிய முறை அது. ஓ.என்.ஜி.சி. எண்ணெய் எடுக்கும் காரைக்காலில், குழாய்க்காகப் பிறந்த முறை டீக்கடையில் 'பதினைந்து ரூபாய் பெறப்பட்டது' என்று கத்துவது ஒரு வேடிக்கை. அதில் மூன்று தரம் உண்டு: போனால் போகட்டும் என்று ஒரு முறை அனுப்புவது, ஒப்புகை வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்புவது, இரு தரப்பும் நாலு செய்தி பரிமாறி ஒரே முறை என்று உறுதி செய்வது. பெட்டி சொல்லவில்லை என்பதால் பணம் ஏறவில்லை என்று ஆகாது. அது இன்னொரு வரிசையின் இன்னொரு செய்தி, தனியாகத் தொலையக்கூடியது.

தெரியாமையைச் சரியாகக் கையாளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2025 ஏப்ரல் 12 நல்ல சாட்சி. சனிக்கிழமை; திருநள்ளாற்றில் கூட்டம் கூடும் கிழமை. நாடு முழுவதும் யூபிஐ மணிக்கணக்கில் தடுமாறியது. என்.பி.சி.ஐ. ஆராய்ந்து சொன்ன காரணம் வெளித்தாக்குதலோ இயந்திரக் கோளாறோ இல்லை. 'அந்தப் பரிவர்த்தனை என்ன ஆயிற்று?' என்று நிலை விசாரிக்கும் கோரிக்கைகள் வங்கிகளிடமிருந்து வெள்ளமாக வந்ததுதான். சில வங்கிகளின் சர்வர்கள் பழைய பரிவர்த்தனைகளைப் பற்றியும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தன. பதில் தாமதமானால் சந்தேகம். சந்தேகம் வந்தால் மறுபடி கேள்வி. கேள்விகள் குவிந்தால் பதில் இன்னும் தாமதம். பணம் அனுப்பியவர்களின் சுமையில் மையம் சாயவில்லை, பணம் சேர்ந்ததா என்று கேட்டவர்களின் சுமையில் சாய்ந்தது.

பதில் வராத சர்வர் ஒவ்வொரு முறையும் முன்னைவிட அதிக நேரம் பொறுத்து, அதிலும் கொஞ்சம் முன்பின்னாகக் கலைத்து, மறுபடி கேட்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். எல்லாரும் சரியாக முப்பதாவது விநாடியில் கேட்டால் முப்பதுக்கு ஒரு முறை இடி இறங்கும். விபத்துக்குப் பிறகு விதிகள் இறுகின. நிலையை விசாரிக்க இத்தனை முறைதான், நடுவில் இத்தனை விநாடி இடைவெளி என்று வரம்பு வந்தது. பணம் செலுத்தும் கோரிக்கைக்கான பதில் கெடு 2025 ஜூனில் 30 விநாடியிலிருந்து 15 ஆகக் குறைந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் யூபிஐ ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. இவ்வளவில் ஆயிரத்தில் ஒன்று நடுவழியில் நின்றால்கூட இரண்டு கோடி.

இதுவரை சொன்னது சர்வருக்குச் சர்வர். சர்வருக்கும் மனிதருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைக் காரைக்கால்காரர்கள் வேறொரு வழியில் அனுபவித்தார்கள். 2015 செப்டம்பரில் மத்திய அரசு ரேஷன் உணவு மானியத்தைப் பணமாகவே வங்கிக் கணக்கில் போடும் சோதனையைத் தொடங்கியபோது, தேர்ந்தெடுத்த இடங்களில் புதுச்சேரி ஆட்சிப்பகுதி ஒன்று. சண்டிகர் இன்னொன்று, தாத்ரா நகர் ஹவேலி பின்னால் சேர்ந்தது. ஒரு பட்டியல் கருவூல மென்பொருளுக்குப் போகும். அங்கிருந்து ஆதார் எண்ணை முகவரியாகக் கொண்ட கட்டணப் பாலத்துக்கு. அங்கிருந்து அந்தந்த வங்கிக்கு. கோப்புகள் வரிசை வரிசையாகக் கைமாறும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒப்புகை உண்டு.

பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தங்கர் ஆகியோரும் நிதி ஆயோக்குக்காக இந்தத் திட்டத்தைத் தொடர்ந்து கண்காணித்தார்கள். அரசுப் பதிவேடுகளின்படி தவறிய பரிவர்த்தனைகள் 100-க்கு 1-க்கும் குறைவு. வீடு வீடாகப் போய்க் கேட்டபோது, கடைசிச் சுற்றில்கூட ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தங்களுக்கு உரிய பணம் வரவில்லை என்றார். இரண்டு தரப்பும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைந்ததோ அந்தக் கணக்குக்குப் பணம் போகும். எப்போதோ, யாரோ சொல்லித் திறந்த கணக்கு அது. பாஸ்புக் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அரசின் கணினிக்கு அது வெற்றி. வீட்டு அம்மாவுக்குச் சோற்றுக்கு அரிசி இல்லை.

இங்கே எந்தச் சர்வரும் விழவில்லை. எந்தச் செய்தியும் தொலையவில்லை. ஒப்புகைச் சீட்டில் யார் கையெழுத்துப் போடுவது என்று தீர்மானித்த இடத்தில் தவறு. மணியார்டரில் கையெழுத்துப் போட்டது பணத்தைக் கையில் வாங்கியவர். இந்த அமைப்பில் போட்டது வங்கியின் கணினி. வரிசையின் கடைசி முனை வாடிக்கையாளர் என்று வைத்து அமைத்திருந்தால், 'சேரவில்லை' என்பதும் பதிவேட்டில் ஒரு நிலையாக வந்திருக்கும். யாராவது போய்ப் பார்த்திருப்பார்கள். 2024 தீபாவளியை ஒட்டிப் புதுச்சேரியில் ரேஷன் கடைகள் மறுபடி திறந்து அரிசி கொடுக்கத் தொடங்கியதற்கு அரசியல் காரணங்கள் பல இருக்கலாம். பணத்தை விட அரிசிதான் வேண்டும் என்று மக்கள் சொன்னதில், கையில் வாங்கினால்தான் வந்தது என்று அர்த்தம் என்ற பட்டறிவும் இருந்தது என்றே நினைக்கிறேன்.

இனி வட்டம் சுற்றும்போது நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. கடைக்காரர் கட்டாயப்படுத்தினாலும் உடனே இரண்டாம் முறை அனுப்பாதீர்கள். அது புது எண்ணோடு போகும் புதுப் பரிவர்த்தனை, எந்தச் சர்வரும் அதை நகல் என்று கண்டுபிடிக்காது. அவசரம் என்றால் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, கடைக்காரரின் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். 12 இலக்க எண்ணைப் படமெடுத்து வையுங்கள். வங்கியில் புகார் எழுதும்போது தேதி, தொகையோடு அதையும் குறிப்பிடுங்கள். ஐந்து நாள் கழிந்தும் பணம் திரும்பவில்லை என்றால் நாளுக்கு 100 ரூபாயையும் சேர்த்துக் கேளுங்கள். வங்கி 30 நாளில் தீர்க்கவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க எண் 14448.